32 சாமான் கிட் வாங்கியாச்சு, மழையில் நனைத்துப் பார்த்தீர்களா?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வெள்ளியங்கிரி ஏறிய அனுபவம் உண்டு. இப்போது மச்சானும் நானும் ட்ரெக்கிங்கில் இறங்கியிருக்கிறோம். மழை ஓய்ந்ததும் நீலகிரிப் பக்கம், வனத்துறை வழிகாட்டியோடு போகும் தடம் ஒன்றில் பதிவு செய்யப் போகிறோம். பத்தாவது படிக்கும் என் மகளும் வருகிறாள். ஆன்லைனில் 32 சாமான் கொண்ட ‘சர்வைவல் கிட்’ ஒன்று வாங்கினேன். பெரிய கத்தி, தீப்பொறி கிளப்பும் கம்பி, கம்பி ரம்பம், பாராகார்டு என்னும் நைலான் கயிற்றில் பின்னிய, காம்பஸ் வைத்த கைக்கயிறு, வெள்ளிப் போர்வை, டார்ச், விசில், தூண்டில் முள், பாம்புக்கடிக்கு உறிஞ்சும் பம்ப் என்று எல்லாம் இருக்கிறது. தண்டச் செலவு என்று வீட்டில் திட்டு. இது போதுமா? சாமான் நல்லதுதானா என்று எப்படிச் சோதிப்பது? மச்சான், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சேட்டிலைட் மெசஞ்சர் வாங்கலாம் என்கிறார், வாங்கலாமா? மகளின் பையில் தனியாக என்ன வைப்பது?

– ஒரு திருப்பூர் வாசகர்

பதில்: வணக்கம். பட்டியலைப் படித்ததும் உங்களிடம் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்: அந்த 32-இல் எத்தனையைக் கவரைப் பிரித்து வெளியே எடுத்திருக்கிறீர்கள்? ட்ரெக்கிங் குழு நடத்துபவர்களுக்கு முதலுதவியும் அவசரகாலத் தயாரிப்பும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்புக்கு வருகிறவர்களிடம் பையைத் தரையில் கொட்டச் சொல்வேன். விலை உயர்ந்த சாமானெல்லாம் வந்து விழும். பாதிக்கு மேல் உறைகூடப் பிரிந்திருக்காது. விசிலை ஒரு தடவையாவது ஊதிப் பார்த்தவர்கள் குறைவு. டார்ச்சை ராத்திரி முழுக்க எரியவிட்டுப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

இந்த மாதிரி கிட்டுகளை யாரை மனதில் வைத்துச் செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்நாட்டுப் பைன் காடு, ஆள் நடமாட்டம் கிடையாது, ஒருவர் நாள்கணக்கில் தனியாக மாட்டிக்கொள்கிறார். விறகு வெட்டி, தீ மூட்டி, மீன் பிடித்துத் தின்று பிழைக்கிறார். வீடியோவில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நீலகிரியில் உங்களுக்கு நடக்கக்கூடியது வேறு. மதியம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கும், கூடவே மழை பிடிக்கும். குழுவில் யாருக்காவது கணுக்கால் பிசகும். நடை பாதியாகக் குறையும். முன்னால் யானை நிற்கிறதென்று வழிகாட்டி உங்களை ஓரிடத்தில் உட்காரவைப்பார், அல்லது ஆள் கூட்டிவரப் போவார். ஆறரை மணிக்குள் சோலைக்காட்டில் கை தெரியாத இருட்டு. நனைந்த உடையோடு அங்கேயே இருக்க வேண்டியதுதான், சமயத்தில் விடியும்வரைகூட. அந்த ஓர் இரவைத் தாண்ட எதெல்லாம் உதவுமோ அதெல்லாம்தான் உங்கள் கிட்.

அப்படிப் பார்த்தால் முதலில் கொஞ்சம் சாமான் வெளியே போகும்.

தீப்பொறிக் கம்பியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதும் தீ கொண்டுபோவதும் 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதே ஆண்டு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 தடங்களைத் திறந்தபோதும், தீப்பருவத்தில் அவற்றை மூடிவிடுவதென்ற ஏற்பாடு அதனால்தான். குளிர் காயத் தீ மூட்டுவது என்ற யோசனையே நம் காட்டில் கிடையாது. அப்படியானால் சூட்டை வேறு வழியில் காப்பாற்ற வேண்டும், அதற்கு வருகிறேன்.

பெரிய கத்தியும் அப்படித்தான். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய முன் அனுமதி வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அரையடிக் கத்தியைக் காட்டி இது காய் நறுக்க என்று செக்போஸ்டில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை விரல் நீளத்தில் மடக்குக் கத்தி, அதில் ஒரு கத்தரிக்கோலும் முள் எடுக்க ஒரு சாமணமும். காட்டில் நீங்கள் நறுக்கப்போவது பிளாஸ்திரியும் கயிறும்தான். தூண்டில் முள்ளைத் தூக்கிப் போடுங்கள். ஓர் இரவு சாப்பிடாததால் யாரும் சாவதில்லை, கடலை மிட்டாய் நாலு போதும். கம்பி ரம்பத்தை வேண்டுமானால் வீட்டுக் கொய்யாக் கிளையில் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். இந்த விலைக்கு வரும் கிட்டில் உள்ளது பெரும்பாலும் கிளை அறும் முன்பே வளையத்தோடு பிய்ந்து கையில் வந்துவிடும். எப்படியும் காட்டில் மரம் அறுக்கக் கூடாது.

பாம்புக்கடிப் பம்ப் வெறும் வேண்டாத சாமான் இல்லை, ஆபத்தானது. கடித்த நிமிடமே விஷம் திசுவுக்குள் இறங்கிவிடும். பம்ப் வைத்து உறிஞ்சினால் வருவது ரத்தமும் நிணநீரும்தான், கூடவே கடித்த இடம் மேலும் புண்ணாகும். அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். கையில் கருவி இருந்தால் மனுஷன் அதை வைத்து ஏதாவது செய்துகொண்டேதான் இருப்பான், ஆஸ்பத்திரி அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை ஒரு குச்சியோடு சேர்த்து அசையாமல் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. மலைக்காட்டுக் குழிவிரியன்களின் விஷத்துக்கு அது வேலை செய்யாது. அதனால் மலையில் முதல் பாதுகாப்பு கணுக்காலை மூடிய ஷூவும், கை வைக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுக் கை வைப்பதும்தான்.

இனி குளிர். உங்கள் கேள்வியில் குளிரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்கு அதுதான் கவலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 32 என்றால் ஊட்டி உயரத்தில் 20ஐ ஒட்டி இருக்கும், அதுவும் பகலில். மழை ஓய்ந்ததும் போகிறோம் என்கிறீர்கள். நீலகிரியின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அது ஓய்ந்தால் கிழக்குச் சரிவில் வடகிழக்கு ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியை நம்பிக் கிளம்பலாம், ஆனால் நனையமாட்டோம் என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

தண்ணீர் காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு சூட்டைக் கடத்தும். ஈரத் துணியும் காற்றும் சேர்ந்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே உடல் சூடு இறங்க ஆரம்பிக்கும். 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் ஹைப்போதெர்மியா. பனி பெய்யும் ஊரில்தான் வரும் என்று நம்மவர்கள் நினைப்பதால் கண் முன்னால் வந்தாலும் அடையாளம் தெரிவதில்லை. முதலில் நடுக்கம், அப்புறம் பேச்சு குழறும், விரல் சொன்னபடி கேட்காது. கட்டை விரலால் சுண்டு விரலைத் தொடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அந்த ஆளுக்கு உடனே உடை மாற்ற வேண்டும். பேச்சும் குழறினால் வழிகாட்டியிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு இறக்கும் வழியைப் பாருங்கள்.

துணியைப் பற்றிக் கட்டிங் மாஸ்டருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு சோதனை சொல்கிறேன், கம்பெனியிலேயே செய்யலாம். நீங்கள் போடப்போகும் டி-ஷர்ட், பேண்ட், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் துணியின் கனம் பார்க்கும் ஜிஎஸ்எம் தராசிலோ வேறு தராசிலோ உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். வாளியில் முக்கிக் கையால் பிழிந்து மறுபடி எடை போடுங்கள். நிழலில் தொங்கவிட்டு மணிக்கு ஒரு தடவை பாருங்கள். காட்டன் தன் எடைக்குச் சமமாகக்கூடத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை சொதசொதவென்று இருக்கும். பாலியஸ்டரும் ஃபிளீஸும் சீக்கிரம் உதறிவிடும். மழைப் பருவத்துக்கு பாலியஸ்டர். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஆனால் கோடையில், காய்ந்த புல்வெளிப் பக்கம் போவதென்றால் நான் காட்டன்தான் போடச் சொல்வேன். பாலியஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

உடுத்திப் போவதைவிட முக்கியம், நனையாமல் பைக்குள் இருக்கும் மாற்று உடை. ஒரு பனியன், ஒரு ஃபிளீஸ், ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு குரங்குக் குல்லா, அவ்வளவுதான். அதை ட்ரை பேக் என்னும் நீர்புகாப் பையில் போட்டு வாயைச் சுருட்டிப் பூட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு செய்தித்தாளைப் போட்டுவைத்தால் ஒரு சொட்டு நுழைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு குளியலறை ஷவரின் கீழ் கால் மணி நேரம் நில்லுங்கள். துணி வழியாக வராது, தோள் தையல் ஓட்டை வழியாகத்தான் வரும். தையலை மூடும் சீம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது உங்களுக்குக் கைவந்த வேலை.

வெள்ளிப் போர்வை கிட்டில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டைத் திருப்பி அனுப்பும், காற்றைத் தடுக்கும். தரை உறிஞ்சும் சூட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு முள் பட்டால் மேலிருந்து கீழ்வரை கிழியும். வைத்துக்கொள்ளுங்கள், எடையே இல்லை. ஆனால் நம்ப வேண்டியது வேறொன்றை: ஆறடிக்கு எட்டடியில் ஒரு மெல்லிய சில்பாலின் (பிளாஸ்டிக் தார்ப்பாய்) விரிப்பு, ஓரத்தில் கண் வைத்தது, பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ. அதோடு உட்காரும் அளவுக்கு ஒரு ஃபோம் துண்டு. அந்தக் காலத்தில் வயலில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு மழைக்கு நின்றார்களே, அதே முறையில் இதை மடித்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஃபோம் மேல் மூன்று பேர் நெருங்கி உட்காரலாம். கயிறு கட்டினால் கூரை, காயம்பட்டவரைப் போட்டால் தூக்கும் படுக்கை.

கயிறு என்றதும் உங்கள் பாராகார்டு. 550 என்று போட்டிருந்தால் 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ தாங்கும் என்று அர்த்தம். உண்மையானதை ஓரத்தில் வெட்டிப் பார்த்தால் உறைக்குள் குறைந்தது ஏழு இழை இருக்கும், ஒவ்வொரு இழையும் இரண்டோ மூன்றோ நூல் முறுக்கியதாக இருக்கும். போலியில் உள்ளே பஞ்சு மாதிரி எதையோ அடைத்திருப்பார்கள். கைக்கயிறாகப் பின்னியதில் மூன்று மீட்டர் தேறினாலே அதிகம். அதை இருட்டில் பல்லால் பிரிப்பதற்குப் பதில் தனியாகப் பத்து மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கயிறானாலும் அதில் தொங்கி இறங்க ஆசைப்படாதீர்கள். அந்தக் கைக்கயிற்றில் உள்ள பொத்தான் காம்பஸ் பொம்மை. போனை அருகில் கொண்டுபோனால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும்.

டார்ச்சுக்கு வருவோம். மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம். கையில் பிடிக்கும் டார்ச் இரண்டாம்பட்சம், நெற்றியில் மாட்டும் ஹெட்லாம்ப்தான் வேண்டும். பிசகிய காலுக்குக் கட்டுப் போட இரண்டு கையும் தேவைப்படும். போன் டார்ச் கணக்கிலேயே சேராது. என் வகுப்புக்கு வந்த ஓர் இளைஞர் அட்டையில் 3000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சிட்ட ஹெட்லாம்ப் ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரத்தில் அது மினுக்கட்டாம்பூச்சி ஆகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே 9900 எம்ஏஎச் (பேட்டரி பிடிக்கும் மின்சாரத்தின் அளவு) என்று எழுதிய, 18650 என்னும் உருளை வகைப் பேட்டரி. அந்த அளவுப் பேட்டரியில் 4000ஐ ஒட்டி அடைப்பதே அபூர்வம், நல்ல கம்பெனிப் பேட்டரியே 3500ஐ ஒட்டித்தான் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்தாலே குட்டு வெளிப்படும். நல்ல பேட்டரி 45 கிராமை ஒட்டி இருக்கும், போலி முப்பத்துச் சொச்சம்கூட இருக்கும்.

நடக்க 50 முதல் 100 லூமன் போதும், தூரத்தில் பார்க்க ஒரு 300 வரை. அட்டையில் எழுதியுள்ள மணி நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சம் ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காக இறங்கும்வரையான நேரத்தைத்தான் எரியும் நேரம் என்று கணக்குப் போடுவது வழக்கம். கடைசி சில மணி நேரம் எரியும், வழி தெரியாது. ஆகவே சோதனை இப்படி: முழுசாக சார்ஜ் ஏற்றி, நடுத்தர வெளிச்சத்தில் வைத்து, சாயங்காலம் ஆறரைக்குப் போட்டுவிடுங்கள். தூங்கப் போகும் முன் அந்த வெளிச்சத்தில் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். நடுராத்திரி விழிப்பு வந்தால் இன்னொரு தடவை. காலையில் மருந்துச் சீட்டின் சின்ன எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அடுத்த நாள் அதே விளக்கை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு எடுங்கள். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான், அதை முக்காமல் ஷவரில் காட்டுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிட வேண்டும். பைக்குள் தானாக அமுங்கி எரிந்து தீராதபடி சுவிட்சுக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துக் கொண்டுபோங்கள்.

விசில் சின்ன விஷயம், சீக்கிரம் முடிக்கலாம். உள்ளே குண்டு உருளும் வகை நனைந்தால் அடைத்துக்கொள்ளும். குண்டு இல்லாத வகை வாங்கித் தண்ணீரில் முக்கி எடுத்து உடனே ஊதிப் பாருங்கள். மூன்று முறை ஊதி, சற்று நிறுத்தி, மறுபடி மூன்று முறை. பல நாடுகளில் அதற்கு அர்த்தம் ஆபத்து. யானை பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஊதாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி நீலகிரிக்கு என்றே ஒரு எச்சரிக்கை. தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள். இப்போது கிடைக்கும் குழல் வடிகட்டிகள் கிருமியையும் புழுவையும் பிடிக்கும், கரைந்த பூச்சிமருந்தைப் பிடிக்காது. வைரஸையும் பெரும்பாலானவை விட்டுவிடும். வாயை வைத்து உறிஞ்சும் ஸ்ட்ரா வகை எனக்குப் பிடிக்காது. அதற்காக ஓடைக்கரையில் குப்புறப் படுக்க வேண்டும், அங்கேதான் அட்டைப்பூச்சியும் அதிகம், யானை வருவதும் அங்கேதான். ஆளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் வீட்டிலிருந்தே தூக்குங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டிலில். கைவசம் ஒரு அட்டை குளோரின் மாத்திரை. துணியில் வடிகட்டி, அட்டையில் சொன்ன அளவு போட்டு அரை மணி நேரம் காத்திருந்து, லேசாக குளோரின் வாசம் வந்தால் சரி. வாசமே இல்லையென்றால் மாத்திரை பழசு, அல்லது தண்ணீர் அவ்வளவு அழுக்கு. ஓஆர்எஸ் பொடியாக வாங்குங்கள், ஒரு லிட்டருக்குக் கலக்கும் பாக்கெட். அந்தப் பெயரைப் போட்டு டெட்ரா பேக்கில் சர்க்கரைத் தண்ணீர் விற்றதை 2025இல்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. பழைய சரக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மருந்துப் பையில் பத்து சென்டிமீட்டர் அகல க்ரேப் பேண்டேஜ் இரண்டு, பிளாஸ்திரி, பாரசிட்டமால், செட்டிரிசின், உங்கள் தினசரி மருந்து, ஒரு பெரிய காட்டன் துண்டு. கை உடைந்தால் கழுத்தில் கட்டித் தொங்கவிட அந்தத் துண்டைவிட நல்லது கடையில் இல்லை. கணுக்காலைச் சுற்றி எட்டுப் போல் பேண்டேஜ் கட்டுவதை மச்சான் காலில் இன்றைக்கே பழகுங்கள். அப்புறம் ஷூ. அலமாரியில் வருஷக்கணக்காகத் தூங்கிய ட்ரெக்கிங் ஷூவின் அடிப்பாகம் ஈரக்காற்றில் தானாகவே பொடிந்துபோகும், வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். கட்டை விரலால் அழுத்தி, வளைத்துப் பார்த்து, ஒரு வாரமாவது அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள். பழைய சைக்கிள் ட்யூபில் நாலு வளையம் வெட்டிப் பைக்குள் போட்டால், வாய் பிளந்த ஷூவை மலை இறங்கும்வரை பிடித்துவைக்கும். அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும் தேடுவதைவிட முழங்கால்வரை நெருக்கமாக நெய்த காட்டன் அட்டைச் சாக்ஸ் மேல். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள், ஓட்டை கண்ணில் பட்டால் வேண்டாம்.

மச்சானிடம் சொல்லுங்கள், சேட்டிலைட் மெசஞ்சர் வேண்டாம். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் சேட்டிலைட் போனோ அந்த வகைக் கருவியோ வைத்திருப்பது குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பவர்பேங்க் வாங்கட்டும். அதில் 10000 எம்ஏஎச் என்று பெரிதாக எழுதியிருப்பது உள்ளே உள்ள செல்லின் அளவு. பின்னால் பொடி எழுத்தில் ரேட்டட் கெபாசிட்டி என்று ஆறாயிரம் சொச்சம் போட்டிருக்கும், உங்கள் போனுக்கு வந்து சேருவது அதுதான். சிக்னல் தேடித் தேடித்தான் போன் சாகும். காட்டுக்குள் நுழைந்ததும் ஃப்ளைட் மோடில் போடுங்கள், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். வரைபடத்தை முதல் நாளே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனி டவர் கிடைத்தால் அந்த அழைப்பு போகும். பேச்சு போகாத இடத்தில் எஸ்எம்எஸ் சில சமயம் போய்விடும். மொட்டை மாடியில் டேட்டாவை அணைத்துவிட்டு, உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போனில் கண்டுபிடித்து வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டிப் பழகுங்கள். எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். திட்டுவது அவர் உரிமை, தேடப்போவதும் அவர்தான்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு ஒத்திகை. மழை வரும் சாயங்காலமாகப் பார்த்து மூன்று பேரும் பையோடு மொட்டை மாடிக்குப் போங்கள். விளக்கெல்லாம் அணைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் துணிக்கொடியிலும் சில்பாலினைக் கட்டி, ஈரக் கையோடு ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரித்து, உடை மாற்றி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். போனைத் தொடக் கூடாது. எந்த முடிச்சு அவிழ்கிறது, எந்த ஜிப் மாட்டுகிறது, எது பையின் அடியில் போய் ஒளிந்துகொள்கிறது என்று அப்போது தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடைசியாக மகள். அவள் குழுவை விட்டுத் தனியாகிவிட்டால் கையில் என்ன இருக்கும் என்று யோசித்து வையுங்கள். விசில் பையில் இல்லை, கழுத்தில். தனி ஹெட்லாம்ப், தண்ணீர், ரெயின்கோட், ட்ரை பேக்கில் மாற்று உடை, ஃபோம் துண்டு, கடலை மிட்டாய். பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, உங்கள் இருவர் நம்பர் எழுதிய ஒரு தாள். நாப்கின் எத்தனை வேண்டும் என்பதை அம்மாவிடம் கேட்டு அவளே வைத்துக்கொள்ளட்டும், கூட ஒரு மூடும் உறையும். முன்னால் பின்னால் யாரும் தெரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், உட்கார்ந்து விசில் ஊத வேண்டும், தேடி நடக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். நம் மலையில் ஓடை பெரும்பாலும் அருவியில் போய் விழும், வழியில் யானைகள் தண்ணீர் குடிக்கும் இடம் வேறு இருக்கும். பையை அவளே அடுக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு விளக்கை எடுக்கத் தெரியும்வரை பழகட்டும். எடை கூடினால் மற்றதை மச்சான் தூக்கலாம். விசில், விளக்கு, தண்ணீர், ரெயின்கோட் நான்கும் அவளிடமே இருக்க வேண்டும்.